ஆற்றிலிருந்து ஏறும் படிகள்

இது நடந்தது. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அளக்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. நேரங்களையும் எண்ணிக்கையையும் அன்றே குறித்து வைத்தேன்.

கடந்த நவம்பர் முதலாம் திகதி. நோர்வேயில், ஹவுகெட்டோவில் எங்கள் வீடு, கடைசி மாடி. மறுநாள் சகல ஆத்துமாக்களின் நாள். பூசையில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் தன் தம்பி யேசுரட்ணத்தின் பெயரை எழுதுவதா என்று அம்மா இருபத்தைந்து வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தார். எழுதினால், தம்பி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மாமா நோர்வேக்கு வரும் வழியில் ரஷ்யாவில் காணாமல் போனார். நிஷ்னி நோவ்கொரோட். வொல்கா, ஓக்கா ஆறுகள் சேரும் தொழிற்சாலை நகரம். சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் உள்ளே போக முடியாது. பின்னர், களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரன் எங்கள் ஆட்களை வேறு பெயர்ப் பாஸ்போட்டுகளோடு அங்கே ஒரு வீட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்தான். மாமாவின் கடைசிப் படம் அங்கே எடுத்தது. மேட்டில் செங்கல் கோட்டை. அருகே கையுறையை இழுத்துப் போடும் விமானியின் சிலை. அங்கிருந்து ஆறு வரை இறங்கும் பெரிய படிக்கட்டு.

“சிலைக்கும் கையுறை இருக்கு. என்ர தம்பிக்கு இல்லை,” என்றார் அம்மா, படத்தைப் பார்த்தபடி. பேனாவை எடுத்தார்.

மாலை மணி 4.32. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ‘யே’ என்று எழுதினார்.

கீழே காலடிச் சத்தம்.

டக்... டக்... யாரோ மெதுவாகப் படியேறினார்கள். எண்ணுவது என் பழக்கம். எங்கள் கட்டடத்தில் ஐம்பத்துநான்கு படிகள்.

ஐம்பத்துநான்கு. சத்தம் நிற்கவில்லை.

அறுபது... எழுபது...

கதவுத் துளையால் பார்த்தேன். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு எரியவில்லை.

இருநூறு.

“ஆரடி பிள்ளை?”

“தெரியேல்லை அம்மா. திறக்காதேங்கோ.”

முந்நூறு. மூச்சிரைக்கும் சத்தமும்...

4.43. கதவுக்கு வெளியே நின்றது.

நானூற்று நாற்பத்திரண்டு.

அம்மா என்னை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

“தம்பி... உள்ள வா. குளிருக்கை நிக்காதை.”

ஒருவரும் இல்லை. குளிர் மட்டும் உள்ளே வந்தது. அம்மா சற்று நேரம் கதவைத் திறந்தே பிடித்திருந்தார். பிறகு சாத்தினார். பட்டியலைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் திராமன் நகரில் இருக்கும் ஆன்ட்ரியாஸ் மாமாவுக்குப் போன் எடுத்தேன். யேசுரட்ணம் மாமாவோடு ரஷ்யாவில் அந்த ஏஜென்சி வீட்டில் இருந்தவர். நடந்ததைச் சொல்லவில்லை. படிக்கட்டைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“அதையேன் இப்ப கேக்கிறாய்? பொழுது போகாட்டி அதைத்தான் எண்ணுவம். உன்ர மாமன் அண்டைக்கு ஆத்தடிக்கு இறங்கினவன்... ஏறி வரேல்லை.”

“எத்தினை படி?”

“ஆத்தடியிலையிருந்து மேல வர, நானூற்று நாற்பத்திரண்டு.”

இப்போதும் வேலை முடிந்து வந்ததும் கதவருகே நின்று கேட்கிறேன். ஏறி வந்ததை எண்ணினேன்.

இறங்கிப் போன சத்தம் இன்னும் கேட்கவில்லை.