தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

மூன்று வயதில் என் மகள் செல்வி மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். நாற்பதில் பெற்ற பிள்ளை. செல்லம் கூடிவிட்டது என்று கடிந்துகொண்டேன். இரண்டாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது.

திண்டுக்கல்லில் நாங்கள் பார்க்கும் டாக்டர், சிறுநீர்த் தாரையில் (சிறுநீர் வெளியேறும் வழியில்) கிருமி என்றார். சல்ஃபா (கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை) பத்து நாளுக்கு எழுதினார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது.

எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் விட்டதும் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். நோய் அன்றோடு முடிந்தது. அதன் பிறகு மருந்து கொடுப்பது, போன நோயைத் திரும்பக் கூப்பிடுவது போல. நான் பள்ளி ஆசிரியை. ஆனாலும் மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டு மூடினேன்.

அடுத்த மாதம் காய்ச்சல் வந்தபோது அதையே எடுத்துக் கொடுத்தேன். நின்றது. தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் முறை, புதிதாக வாங்கிய மாத்திரைக்கும் காய்ச்சல் அசையவில்லை. விலாவைத் தொட்டால் செல்வி அலறினாள்.

"சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும்னு பயப்படுறேன், டீச்சர். தழும்பு விழுந்துட்டா பிறகு சரி பண்ண முடியாது. மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார் டாக்டர்.

மதுரை ஆஸ்பத்திரியில் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். முடிவு வர இரண்டு நாள். இரண்டாம் நாள் சோதனைக்கூடத்துக்குப் போய், அந்தக் கிருமியை ஒரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த ஊழியர் விநோதமாகப் பார்த்தார்.

"பிள்ளையப் பாக்காம கிருமியப் பாக்க வந்திருக்கீங்களே!" என்றவர், ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

தட்டு முழுக்கப் பாலாடை போல மெல்லிய படலம். அதன்மேல் மருந்தில் நனைத்த சிறு காகித வட்டங்கள். சல்ஃபா வட்டத்தின் விளிம்பு வரை கிருமி நெருக்கமாக வளர்ந்திருந்தது. ஒரே ஒரு வட்டத்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிந்த வளையம். என் மகளுக்குள் இருந்த ஒன்றை நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தையும் மீறி, கண்ணை எடுக்க முடியவில்லை.

"அதுக்கு மருந்து பழகிருச்சா, டாக்டர்?" என்று வார்டில் மதுரை டாக்டரிடம் கேட்டேன்.

"முன்னாடி எத்தனை நாள் குடுத்தீங்க?"

"காய்ச்சல் விடுற வரைக்கும்."

"லேசான கிருமி முதல்ல செத்துச்சு. தாக்குப் பிடிச்சது மிஞ்சிருச்சு. நீங்க நிறுத்தவும் அது மட்டும் பெருகிருச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. தட்டில் கிருமியைத் தடுத்த அந்த ஒரே மருந்தை எழுதினார், மஞ்சள் மாத்திரை. பதினான்கு நாள், ஒரு வேளையும் தப்பாமல். சிறுநீர் பழுப்பாக இறங்கினால் பயப்பட வேண்டாம் என்றார்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவரின் அக்கா வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

"வா அப்பு, தலைக்கு ஊத்துவோம்" என்று செல்வியைக் கூப்பிட்டார்.

"மதினி, இன்னும் பத்து நாளைக்கு மாத்திரை இருக்கு."

"அம்புட்டு நாளும் பிள்ள சடையோட கெடக்கணுமாக்கும்? இல்ல, ஊத்திட்டு மருந்து குடுக்கப் போறியா? ஊர்ல இல்லாத டீச்சரம்மா!"

செல்வி தலையைச் சொறிந்தபடி என்னைப் பார்த்தாள். நானே செம்பை எடுத்து ஊற்றினேன். துவட்டி, இட்லி ஊட்டி, ஈரத்தலையோடு இருந்தவளுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் கொடுத்தேன். மதினி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து மருந்து கொடுப்பதுதான் மிகக் கடினம். மீதிப் பத்து நாளில் பலமுறை, போதுமே என்று மனம் சொன்னது. இதைப் படிக்கும் பெற்றோருக்கும் அப்படித் தோன்றும். தோன்றட்டும், கொடுங்கள்.

மறு சோதனையில் தட்டு வெறுமையாக இருந்தது. "ஒண்ணும் மொளைக்கலம்மா" என்றார் அதே ஊழியர். சிறுநீரகத்தில் தழும்பு உண்டா என்பது அவள் வளர வளரத்தான் தெரியும் என்றார்கள்.

நோய் முடியும் நாள் என்று ஒன்றை இப்போது என்னால் குறிக்க முடியவில்லை. செல்விக்கு ஐந்து வயதாகிறது. அவள் ஒன்றுக்குப் போக உட்கார்ந்தால் அவள் முகம் சுருங்குகிறதா என்று பார்த்து நிற்கிறேன்.

"அங்கிட்டுத் திரும்பும்மா, வெக்கமா இருக்கு" என்கிறாள்.

திரும்பிக்கொள்கிறேன். தடையில்லாமல் சத்தம் கேட்டு முடியும்வரை மூச்சு விடுவதில்லை.