சாஜிதா வைத்த பெயர்கள்

“ஹெல்மெட்டை எடுங்க கண்ணு, அது டேபிள் இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே மிளகாய் பஜ்ஜியை எண்ணெயில் புரட்டிப் போடுகிறாள் சாஜிதா. முகம் திரும்பவில்லை. கொட்டச்சேடு போகும் சாலையில், அவள் கடைக்கு மூன்றடி தள்ளி நிற்கும் கல்லின் மேல் யார் எதை வைத்தாலும் அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். ஹெல்மெட் என்றால் ‘டொக்’. டீ கிளாஸ் என்றால் ‘டிங்’. புது மாப்பிள்ளைகள் போட்டோவுக்குச் சாய்ந்தால் மட்டும் சத்தம் வராது. அதை சென்ட் வாசனையில் கண்டுபிடிப்பாள்.

அது போர் நினைவுக் கல். 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இந்த ஊரிலிருந்து ஒன்பது பேர் போனார்கள், இருவர் உயிரிழந்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. பெயர் ஒன்றும் இல்லை.

பஜ்ஜி வேகும்வரை வந்தவர்களை நிறுத்திவைக்க ஒரு கதை வேண்டும். “செத்துப்போனது யாருக்கா?” என்று எட்டு வருடத்துக்கு முன்பு யாரோ கேட்டபோது, வாய்க்கு வந்த இரண்டு பெயர்களைச் சொல்லிவைத்தாள். ஐயாக்கண்ணு ஒருவர், பக்கீர் முகமது ஒருவர். “நொம்ப சிநேகிதங்க. ஒரே கப்பல்ல போனாங்க.” ஒரு மழைக்காலத்தில் அவள் கதையில் ஐயாக்கண்ணுவுக்கு மீசை முளைத்தது. அடுத்த மழைக்குள் பக்கீர் முகமது புல்லாங்குழல் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மேட்டில் காபியும் ஆரஞ்சும் பயிர் வைத்திருக்கும் சின்னனுக்குக் காலை டீ இங்கேதான். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, “எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம் அம்மிணி. கப்பலேறிப் போனவரு ஊடு திரும்பல. பேரு யாருக்கும் தெரியல. இந்த ஐயாக்கண்ணுதான் அவரு போல” என்றார். சாஜிதா மறுத்திருக்கலாம். அன்றைக்குக் கடையில் கூட்டம். அதற்கப்புறம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் சின்னன் கல்லின் தலையில் ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். மறுக்க நேரமே வாய்க்கவில்லை.

போன மாதம் தீபிகா வந்தாள். பழைய கற்களை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வது அவள் வேலை. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள்; பதிவில் ஏறிவிட்டால் கல்லை யாரும் பெயர்க்க முடியாது. ரேஷன் கடையில் கேட்டாள், பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். எல்லோரும் அதே இரண்டு பெயர்களைச் சொன்னார்கள்.

“நூறு வருஷம் கழிச்சும் ஊரே பேரைச் சொல்லுதுக்கா! கல்லுக்குப் பக்கத்துல வைக்கப்போற போர்டுலயே போட்டுடலாம்” என்று, பெயர்களை எழுதிய நோட்டோடு கடைக்கு வந்து நின்றாள். போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று சின்னன் இஸ்திரி போட்ட சட்டையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

சாஜிதா அடுப்பை அணைத்தாள். வியாபார நேரத்தில் அவள் அடுப்பை அணைத்து யாரும் பார்த்ததில்லை.

“மேடம், அந்தப் பேரு ரெண்டும் நான் வெச்சதுங்க.”

தீபிகா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்ப இத்தனை வருசமா நான் யாருக்குப் பூ வெச்சேன் அம்மிணி?” என்றார் சின்னன். அவர் கத்தியிருந்தால் சாஜிதா தாங்கியிருப்பாள்.

“உங்க தாத்தாவோட அண்ணனுக்குத்தானுங்கண்ணா. அவரு போனது நெசம், திரும்பாதது நெசம். பேரு மட்டும் பொய்யிங்க. போர்டுல பொய்யி ஏறிட்டா, நாளைக்கு நெசமான பேரு கெடைச்சாலும் எடமிருக்காதுங்க.” தீபிகா பக்கம் திரும்பினாள். “பேரு இல்லீன்னா கல்லை எடுத்துருவாங்களா மேடம்?”

“ஒன்பது பேர் போனாங்க, ரெண்டு பேர் வரலைன்னு கல்லே சொல்லுதேக்கா. பதிவுக்கு அது போதும். திரும்பி வராத ஒருத்தரைப் பத்தி இவர் வீட்ல இன்னும் பேசிக்கறாங்கன்னு அதையும் எழுதிக்கறேன்.” தீபிகா நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். “இந்த ரெண்டு பேரையும் நீங்களே கோடு போட்டு அடிச்சிடுங்க.”

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாஜிதா பேனாவை வாங்கினாள். பக்கீர் முகமதுவை ஒரே வீச்சில் அடித்தாள். ஐயாக்கண்ணுவின் மேல் பேனா நின்றது. சின்னனைப் பார்த்தாள். அவர் கல்லைப் பார்த்தபடியே தலையசைத்தார். அவள் குனிந்து, அடியில் இருக்கும் எழுத்து மறையாதபடி, மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள்.