மெர்சி கேட்ட பிக்கப்

பாக்கியராஜின் யூனிபார்மைத் தனி பக்கெட்டில்தான் ஊறவைக்க வேண்டும். ரோலிங் மில்லின் இரும்புத் தூள் லேசில் போகாது. மற்ற துணியோடு சேர்த்துப் போட்டால் வீட்டில் இருக்கிற வெள்ளைத் துணியெல்லாம் துரு நிறத்துக்கு வந்துவிடும். அதனால் வாஷிங் மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகியும், வாரத்துக்கு இரண்டு செட் காக்கித் துணியை மெர்சி கையால்தான் கசக்குகிறாள். சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவாள். சாப்பிட்டுவிட்டு, பின்பக்கக் குழாயடியில் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மில்லில் புருஷனுக்கு அன்று அரை நாள். ஜன்னலுக்கு உள்ளே பாக்கியராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"மைலேஜ் கெடக்குது வுடு சந்திரா. எனக்கு பிக்கப்தான் முக்கியம். பிக்கப் இல்லாத வண்டிய வாங்கிக்கினு இன்னா பண்றது?"

மெர்சியின் கை சட்டைக் காலரில் அப்படியே நின்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களுக்கு பிக்கப் என்றால் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்வது. "உனுக்கு பிக்கப் எங்க?" என்று கேட்டால் ஊரையும் தெருவையும் சொல்ல வேண்டும். "இன்னிக்கி பிக்கப் மிஸ்ஸு" என்றால் அரை நாள் சம்பளம் போச்சு என்று அர்த்தம். நான்கு வருஷமாக மெர்சியின் நாள் அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது.

எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள் அவள். அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டார்கள், களை பறித்தார்கள். பத்தாவது முடித்ததும் அவள் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். விரல் நுனி வெந்தது போல் ஆகிவிட, கல்யாணமானதும் அதை விட்டாள். மகள் ஏஞ்சலின் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு, பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனுக்குச் சேர்ந்தாள். பெல்ட்டில் ஓடுகிற மூடிகளில் பிசிறு, விரிசல், வளைவு இருப்பதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நல்ல மூடியைத் தூக்கிப் போட்டாலும் திட்டு, கெட்ட மூடியை விட்டாலும் திட்டு. மெர்சி அதிகம் திட்டு வாங்கியதில்லை. ஏஞ்சலின் இப்போது திருவள்ளூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

ஏழு வருஷம் பாக்கியராஜ்தான் அவளைக் காலையில் பைக்கில் கொண்டுபோய் கம்பெனி கேட்டில் விட்டான். ஒரு நாள் தவறியதில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், புதுவாயல் ரோட்டில் முந்தின நாள் போட்டிருந்த, வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை ஒன்று இருந்தது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. மெர்சியின் வலது முன்கையில் பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் டூவீலரில் ஏறவில்லை. அவனும் ஏறு என்று சொல்லவில்லை. நல்லவேளையாக அப்போது கம்பெனி வேன் தெருமுனைவரை வந்தது.

போன ஜூனில் வேன் காண்ட்ராக்ட் மாறியது. தெருவில் மிச்சம் இருந்தது இரண்டே பெண்கள், மெர்சியும் எல்லம்மாவும். இரண்டு பேருக்காக உள்ளே வந்தால் தனக்குக் கட்டாது, புதுவாயல் ஜங்ஷனில் வந்து நில்லுங்கள் என்று புது டிரைவர் சொல்லிவிட்டான். எல்லம்மாவை அவள் தம்பி பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். மெர்சி நாலே முக்காலுக்குக் கிளம்பி, செல்போன் வெளிச்சத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறாள். வழியில் கோழிக்கடை. கடைக்குப் பின்னால் ஏழெட்டு நாய்கள். செப்டம்பரில் ஒன்று துப்பட்டாவைக் கவ்வி இழுத்தது. வீட்டில் சொன்னாள். மறுநாள் பாக்கியராஜ் ஒன்றரை அடி பிவிசி பைப் வாங்கி வந்து, பிடிக்கத் தோதாக ஒரு முனையில் துணி சுற்றிக் கொடுத்தான். அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறாள்.

கார் வாங்கப்போவதாக அவன் தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டு முடிந்து பணம் வந்திருந்தது. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. எதற்கு இப்போது கார் என்று உள்ளே ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. குழாயடியில் அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். காக்கிச் சட்டையை இன்னொரு முறை சோப்புப் போட்டு, அவசரம் இல்லாமல் கசக்கினாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து ஷேர் ஆட்டோவில் இருவரும் புதுவாயலில் இறங்கினார்கள். சந்திரமோகன் ஹைவே ஓரம் தகர ஷெட் போட்டுப் பழைய கார் வாங்கி விற்கிறவன். பாக்கியராஜோடு முன்பு லாரி ஓட்டியவன்.

"வாண்ணா. வாங்கண்ணி. சர்ச்சிலேர்ந்து நேரா வர்றீங்களா? சாமி பாத்துட்டு வந்த கையோட முடிச்சிருவோம்."

ஷெட்டுக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. கார் என்றாலே நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்த மெர்சிக்கு, இரண்டுமே பின்பக்கத்தை வெட்டி எடுத்ததுபோல் தெரிந்தன.

"இத்தினியூண்டு கீதே தம்பி," என்றாள்.

"பாக்கத்தான் அண்ணி சின்ன வண்டி. உள்ள வச்சிகிறது பெரிய வண்டி இன்ஜினு. வெள்ளை டீசலு, செவப்பு பெட்ரோலு. ரெண்டுமே இப்ப கம்பெனில வர்றதில்ல. பசங்க இதுக்கு அலையறானுங்க."

"எனக்கு வயசாயிட்ச்சின்றியா?" என்றான் பாக்கியராஜ்.

"உன்னிய யாருண்ணா சொன்னா? தலைக்கு டை அடிச்சா நீயும் பையன்தான்."

பாக்கியராஜ் சிரித்துக்கொண்டே சிவப்புக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். லாரியை விட்ட பிறகு, மில்லில் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாறுவதற்கு முன், ஒரு மேனேஜரிடம் எட்டு மாசம் ஆக்டிங் டிரைவராக இருந்தான். அவரிடம் இந்த மாதிரி ஒரு கார் இருந்தது. அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த ஒரு நாளைப் பற்றி மெர்சியிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். பதினாறு டன் லோடை வைத்துக்கொண்டு நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் ஊர்ந்தே போனவனுக்கு, மிதித்ததும் கிளம்புகிற வண்டி அன்றைக்குத்தான் கிடைத்தது. அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள்.

"டீசல்ல இழுவைண்ணா. ஒரு மாதிரி மெதுவா ஆரம்பிச்சி, அப்பறம் முதுகுல கைய வச்சித் தள்ற மாதிரி தள்ளும். பெட்ரோல்ல அந்தக் கதையே இல்ல. பிக்கப்பு. இன்னா, எத்தனால் கலந்த பெட்ரோல் வருதேன்னு சில பேரு யோசிக்கிறான். அது ஒண்ணும் ஆவாது." சந்திரமோகன் மெர்சி பக்கம் திரும்பினான். "அண்ணி இன்னா சொல்றீங்க? உங்க ஓட்டுதான் செல்லும்."

பெட்ரோலில்தான் பிக்கப் என்பது மெர்சிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டதாக நினைத்தாள். லாரி ஓட்டிய காலத்தில், மார்கழிக் குளிரில் டீசல் வண்டி விடிகாலையில் எழுந்துகொள்ளாது என்று பாக்கியராஜ் புலம்புவான். ஐந்து மணிக்கு எடுக்கிற வண்டி பெட்ரோலாகத்தானே இருக்க வேண்டும். இதையெல்லாமும் யோசித்துத்தான் இருக்கிறான்.

"எனக்கு பிக்கப் இருக்கணும் தம்பி," என்றாள். "அது இருந்தா போதும். மீதியெல்லாம் அவரு இஷ்டம்."

சந்திரமோகன் கை தட்டினான். "அண்ணா, குடுத்து வச்சவன்ணா நீ! எங்க ஊட்ல சீட் கவர் இன்னா கலருன்னு மட்டுந்தான் கேப்பா."

பாக்கியராஜ் அவளைப் பார்த்த பார்வையில், இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதிகம் பார்த்திராத ஒரு பெருமை இருந்தது. மெர்சிக்குக் கூச்சமாகிவிட்டது. துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

மூன்று பேரும் சிவப்புக் காரில் ஏறினார்கள். மெர்சி முன்னால், சந்திரமோகன் பின்னால். பாக்கியராஜ் கும்மிடிப்பூண்டி பக்கமாகத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமை, கண்டெய்னர் லாரிகள் குறைவு.

"மிதிண்ணா. ரோடு காலியா கீது."

பாக்கியராஜ் மிதிக்கவில்லை. முள் ஐம்பதைத் தாண்டவே இல்லை. சிறு பள்ளம் வந்தாலும் முன்கூட்டியே பிரேக்கில் கால் வைத்தான்.

"இப்டி ஓட்னா ரெண்டுத்துக்கும் வித்தியாசமே தெரியாதுண்ணா. பால் வண்டியா ஓட்ற?"

"சும்மா வாடா."

ஷெட்டுக்குத் திரும்பியதும், "நீ எறங்கி டீ சாப்டு மெர்சி. நான் இன்னொரு ரவுண்டு பாத்துட்டு வரேன்," என்றான். அவள் இறங்கிக்கொண்டாள். பக்கத்துக் கடைப் பையன் டீ கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் ஹைவேயிலிருந்து ஒரு சத்தம், ஏறி ஏறிப் போய்த் தேய்ந்தது. அது அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் வெள்ளை வண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். அது வேறு சத்தம், அடித்தொண்டையில் உறுமுவதுபோல.

வந்து இறங்கியபோது பாக்கியராஜுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. பல் எல்லாம் தெரிந்தது.

"சரி, மனசுக்கு எதுண்ணா?" என்றான் சந்திரமோகன். "இரு, நானே ஒண்ணு கேக்கறேன். இது உங்கிட்ட நான் வியாபாரமா பேசல. தெனம் எவ்ளோ ஓட்டம் இருக்கும்? தெனம் எடுத்து ஓட்டுவேன்னா கண்ண மூடிக்கினு டீசல் எட்த்துக்கோ. எப்பனா எடுப்பேன்னா பெட்ரோலு. இத மிதிச்சா லிட்டருக்குப் பத்து, பன்னண்டுதான் குடுக்கும். தெனம் ஓட்னா பேஜாராயிடுவ."

"தெனம் எங்க ஓட்டப் போறேன்?" என்றான் பாக்கியராஜ். "மில்லுக்குப் பைக் கீது. சண்டே சர்ச்சு. மாசத்துக்கு ஒருவாட்டி திருவள்ளூர் போயி பாப்பாவ பாத்துட்டு வரலாம். எப்பனா ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு ஓட்டம். அவ்ளோதாம்பா."

டீ கிளாஸ் மெர்சியின் கையிலேயே இருந்தது.

"அப்ப பிக்கப்?" என்றாள்.

"அதான் பெட்ரோல்ல கீதே அண்ணி. இப்ப அண்ணன் பாத்துட்டுத்தான வந்தாரு."

"இல்ல தம்பி. பிக்கப்னா இன்னா?"

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிதிச்ச ஒடனே பாயும் பாருங்க, அதான் பிக்கப்பு," என்றான் சந்திரமோகன்.

"ஓ," என்றாள் மெர்சி. ஆறிப்போன டீயைத் தரையில் ஊற்றிவிட்டு கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தாள். கண்ணுக்கு முன்னால் ஓடிய மூடியில் விரிசலைக் கவனிக்காமல் விட்டதுபோல் இருந்தது. கவனிக்காமல் விட்டது மட்டும் இல்லை, நல்லது என்று தானே ஓட்டும் போட்டிருக்கிறாள்.

பொன்னேரியிலிருந்து ஒரு பார்ட்டி மறுநாள் வருவதாகவும், சாயந்திரத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது என்றும் சந்திரமோகன் சொன்னான்.

வீட்டில் காலையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த வஞ்சிரக் குழம்பைச் சூடு பண்ணி இருவரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாக்கியராஜ் கை கழுவி வந்து மறுபடியும் உட்கார்ந்து, போனில் சந்திரமோகன் அனுப்பியிருந்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். வெள்ளை, சிவப்பு, வெள்ளை.

"செவப்புதான? நீயே சொல்லிட்ட."

"நான் சொன்னது அந்தப் பிக்கப் இல்ல."

"பின்ன?"

"காலைல பிக்கப். வேன் வரும் பாருங்க, அது. எனக்கோசரம் வாங்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

பாக்கியராஜ் சிரிக்க ஆரம்பித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். படத்தை மாற்றினான்.

"வேன்காரன்கிட்ட நான் பேசறேன்."

"ஜூன்லயே பேசியாச்சி. நீங்கதான் பேசனீங்க."

"பெட்ரோல தெனம் எடுத்தா கட்டாது மெர்சி. சந்திரன் சொன்னத நீயும் கேட்டல்ல?"

"டீசல்னா கட்டுமில்ல."

"கட்டும்." கொஞ்சம் யோசித்தான். "டீசல்ல அது வராது."

"எது?"

"அதாம்மே... பிக்கப்பு."

சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனைப் பாயில் கவிழ்த்து வைத்தான். மெர்சி தட்டில் இருந்த மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

"வெள்ளையோ செவப்போ, எனக்கு ஒண்ணுதான்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "எந்த வண்டி புட்ச்சிருக்கோ அத எடுங்க. நாலே முக்காலுக்கு எழுந்து, என்னிய உக்கார வச்சி ஓட்டுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

பாக்கியராஜ் அவளைப் பார்த்தான். பிறகு, சாப்பிடுவதற்காக முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்த அவள் சுடிதார் கைக்குக் கீழே, பிளேட் வைத்துத் தைத்த நீளத் தழும்பைப் பார்த்தான். கவிழ்த்து வைத்த போன் பாயில் அதிர்ந்தது. சந்திரமோகனாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து தானாக நின்றது. வெளியே யாரோ தண்ணீர் கேனை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

மெர்சி இரண்டு தட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, குழம்புச் சட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு, சமையலறைக்குப் போனாள்.