எனக்கு ஆகாத ஊர்க்காரி

நான் யாருக்கும் தொண்டு செய்யக் கிளம்பவில்லை. பல்லடத்தில் என் கணவரின் கூட்டுக் குடும்பத்தை விட்டு ஒரு வருஷமாவது தள்ளி இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி நர்ஸ் வேலை. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஐ.நா. அமைதிப்படை முகாம்களில் சிப்பாய்களுக்கு உதவியாகத் தன்னார்வலர்களை எடுக்கிறார்கள் என்று அங்கிருந்த டாக்டர் ஒருவர் சொன்னார். விண்ணப்பித்தேன், கூப்பிட்டுவிட்டார்கள்.

அமைதிப்படை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர் கிடையாது. இலங்கைக்குப் போன படையால் வந்த பழைய கசப்பு. கணவரின் அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்.

"பட்டாளத்துக்காரனுக்குச் சேவகம் பண்ண ஊட்டுப் பொம்பள கடல் தாண்டிப் போறதாமா. சொல்லிக்க முடியுமாங்கறேன் நாலு பேருகிட்ட."

என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும்போது, போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "முடிவு பண்ணிப்போட்டு அப்பறம் எதுக்கு என்னைக் கேக்கற?" என்றார். விமான நிலையத்துக்கு என்னை ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிட்டார்கள். யாரும் கூட வரவில்லை. மகள் மட்டும் கல்லூரி விடுதியிலிருந்து போனில் பேசினாள்.

நான் போன நாடு ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. செம்மண் மேட்டில் முள்கம்பி போட்டு வளைத்த முகாம். நம் நாட்டுப் படைப்பிரிவு ஒன்று அங்கே இருந்தது. தன்னார்வலர்களுக்குக் குடியிருக்க இரும்புக் கன்டெய்னர்கள், ஒன்றுக்கு இரண்டு கட்டில். என்னை அழைத்துப்போன அதிகாரி முகம் மலர்ந்து சொன்னார், உங்கள் அறையில் இன்னொரு பெண் இருக்கிறார், அவரும் கோயம்புத்தூர்தான், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று.

அவள் ஆர்.எஸ்.புரத்தில் பெரிய வீட்டுக்காரி. தெலுங்கு பேசும் குடும்பம், ஒரு காலத்தில் மில் வைத்திருந்தவர்கள். ஊட்டச்சத்தியல் படித்தவள். சமையல்கூடத்தின் சுத்தமும் சிப்பாய்களின் சாப்பாட்டு முறையும் அவள் பொறுப்பு. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருக்கலாம். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பேச ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அந்தக் கட்டில் என்னுதுங்க. ஜன்னல் பக்கம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்க. ஏ.சி.யைப் பதினாறுல வெச்சிருக்கேன், தொடாதீங்க."

"எனக்குக் குளிர் ஆகாதுங்க."

"போர்வை வாங்கிக்குங்க."

எங்கள் ஊரில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அந்த ஒரு வருஷமும் நாங்கள் ஒருவரையொருவர் 'நீ' என்று சொன்னதே இல்லை.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காலையில் மணியடித்துப் பூஜை செய்வாள். இருந்த ஒரே பிளக்கில் அவளுடைய கெட்டில் எப்போதும் குந்தியிருக்கும். நான் துவைத்துக் காயப்போட்ட துணியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் புடவையை நீளமாக விரிப்பாள். என்னைப் பற்றி அவளுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அது என்ன என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே, கணவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு நர்ஸைப் போட்டிருக்கிறார்கள், நம்ம ஊர்தான், ஆனால் பழகத் தெரியாது, முகத்தைத் தூக்கியே வைத்திருக்கிறாள், வீட்டில் விரட்டிவிட்டார்கள் போல.

அவள் போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"எனக்குத் தெலுங்கு நல்லாவே புரியுமுங்க. எங்க தெருவுல பாதிப் பேர் உங்காளுங்கதானுங்க."

அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "புரிஞ்சா நல்லதுதானுங்க. தனியாச் சொல்ற வேலை மிச்சம்" என்றாள்.

வீட்டில் விரட்டிவிட்டார்கள் என்றது என்னைக் குத்தியது. அது பொய் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாததால் இன்னும் ஆழமாகக் குத்தியது.

முகாமில் எனக்குப் பெரிய வேலை இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பூட்ஸ் கடித்த கால், வீட்டு நினைப்பில் தூங்காதவர்களுக்கு ரத்த அழுத்தம். உண்மையான வேலை வாரத்துக்கு ஒரு நாள் வெளியே இருந்தது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போடுவோம். டாக்டர் வருவார், நான் போவேன், அவள் குழந்தைகளுக்குச் சத்துமாவு கொண்டுவருவாள்.

அங்கே ஒருத்தி தன் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கொதிக்கிற கஞ்சிப் பானை கவிழ்ந்து குழந்தையின் கால் வெந்திருந்தது. வாரா வாரம் கட்டை அவிழ்த்து, கழுவி, மருந்து போட்டுக் கட்டுவேன். அந்தத் தாய் ஒரு நாளும் சிரித்ததில்லை, நன்றி சொன்னதில்லை. நான் கொஞ்சம் அழுத்திவிட்டால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவாள். பிடி இரும்பு மாதிரி இருக்கும். எங்களுக்குள் ஒரு வார்த்தையும் பொதுவாக இல்லை. ஆனாலும் எங்கள் படை முகாமில் இருந்த எல்லோரையும்விட அவளைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மலைக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு கிராமத்தை ஆயுதக்காரர்கள் கொளுத்தினார்கள். தகவல் காலையிலேயே முகாமுக்கு வந்துவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. சிப்பாய்கள் ஏறி உட்கார்ந்து, மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. சிலர் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறினார்கள். உத்தரவு வந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எரிவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. திரும்பி வந்தவர்கள் யாரும் அன்று சாப்பிடவில்லை என்று என் அறைக்காரி என்னிடம் சொன்னாள். சமைத்ததை அப்படியே கொட்டினார்களாம். சண்டை இல்லாமல் நாங்கள் பேசிக்கொண்ட சில பேச்சுகளில் அது ஒன்று.

மருத்துவ முகாமை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தக் குழந்தையின் கால் நினைப்பாகவே இருந்தது. கட்டை மாற்றாவிட்டால் சீழ் பிடிக்கும். முகாம் அதிகாரியிடம் போய் நின்றேன். அதே நேரம் அவளும் உள்ளே வந்தாள். சத்துமாவு மூட்டைகளில் வண்டு விழுந்துவிடும், ஒரு நடை போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி நச்சரித்ததில் அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வண்டி, ஒரு டிரைவர், துப்பாக்கியோடு நாலு பேர். டாக்டர் வரவில்லை.

கிராமத்துக்குள் நுழைகிற இடத்தில் பாதை குறுகும். அங்கே மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். கூட்டமாக நின்றார்கள். எங்களிடம் மாத்திரை வாங்கிய கிழவர்கள், மாவு வாங்கிய பெண்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"ஜன்னலைச் சாத்துங்க" என்றேன்.

"வேகுதுங்க. ஒரு சாண்தானே திறந்திருக்கு."

"சாத்துங்கன்னு சொல்றேன்."

"நீங்க கூட்டிட்டு வந்துபோட்டு இப்ப என்னை அதிகாரம் பண்றீங்களா?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? மாவுல வண்டு விழும்னு நின்னது ஆருங்க?"

முதல் கல் வண்டியின் மூக்கில் விழுந்தது. அடுத்தது கூரையில். பிறகு எண்ண முடியாமல் விழுந்தன. டிரைவர் பின்னால் எடுக்கப் பார்த்தார், பின்பக்கமும் ஆட்கள் நின்றார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். சுடக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்த இரைச்சலுக்குள் நாங்கள் இரண்டு பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு, யார் வரச்சொன்னது என்று கொங்குத் தமிழில் மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வாயை மூடினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

வலை போட்ட கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன், குழந்தையின் தாயை. குழந்தை முதுகில் துணியால் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கால் வெளியே தொங்கியது. நான் கட்டிய கட்டு அழுக்கேறி இருந்தது. அவள் கையில் கல் இருந்தது. என்னைப் பார்த்தாள். தெரியாமல் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பார்த்து, தோளைப் பின்னால் இழுத்து, எறிந்தாள். அது என் முகத்துக்கு நேரே வலையில் பட்டுத் தெறித்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு கல்தான் திறந்திருந்த ஜன்னல் சந்தில் நுழைந்து என் அறைக்காரியின் நெற்றியைப் பிளந்தது. முன்கண்ணாடியை உடைத்து வந்த கல்லில் டிரைவரின் கையும் உடைந்தது. அப்படியும் அவர் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பி, ஒரு சோளக்காட்டுக்குள் இறக்கி ஓட்டினார். என் துப்பட்டாவை மடித்து அவள் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவள் ரத்தம் என் முழங்கை வரை வழிந்தது.

"சாத்துங்கன்னு சொன்னேனில்லீங்க" என்றேன்.

"வலிக்குதுங்க, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்றாள்.

முகாமில் டாக்டர் டிரைவரின் கையைப் பார்த்தார், நெற்றியைத் தைக்கச் சொல்லி என்னிடம் விட்டார். மரத்துப்போக ஊசி போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"தழும்பு தெரியாமத் தைங்க. அடுத்த வருஷம் பையனுக்குக் கல்யாணமுங்க."

"பேசாம இருந்தீங்கன்னா தெரியாதுங்க."

பேசிக்கொண்டேதான் இருந்தாள். நானும் நிதானமாகத்தான் தைத்தேன். என் வேலையில் நான் யாரையும் பழிவாங்கியதில்லை.

மறுநாள் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். போக வேண்டும் என்று வற்புறுத்தியது யார்? அவள் என்று நான் சொன்னேன். அவளோ என்னைக் கைகாட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் இனி வாசலைத் தாண்டக் கூடாது என்று எழுதிவிட்டார். மீதி மாதங்கள் முழுவதும் முள்கம்பிக்கு உள்ளேயே, பதினாறு டிகிரியில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு.

அந்த டிரைவர் கட்டு மாற்ற வருவார். ஹரியானாக்காரர், அமைதியானவர். ஒரு நாள் இந்தியில் கேட்டார், இவர்களைக் காப்பாற்றத்தானே சகோதரி நாம் வந்தோம், எதற்கு நம்மை அடிக்கிறார்கள் என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பதில் சொன்னேன்.

"காப்பாற்றவில்லையே."

 நேரத்துக்கு உத்தரவு வரவில்லை என்றார் அவர். தெரியும் என்றேன். அடுத்த தடவையிலிருந்து அவர் என்னிடம் வரவில்லை. டாக்டர் இருக்கும் நேரம் பார்த்து வந்தார். பிறகு மற்றவர்களும் என்னிடம் பேச்சைக் குறைத்தார்கள். சமையல்கூடத்தில் எனக்குக் கருகிய சப்பாத்தி விழுந்தது. உடம்பு சரியில்லாதவர்களுக்குச் செய்வதைச் செய்தேன். அவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். குழந்தையின் கால் என்ன ஆயிற்று என்பது கடைசி வரை தெரியவில்லை. கேட்டு அனுப்ப ஆள் இல்லை.

திரும்பும்போது ஒரே விமானம். தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அவள் வீட்டிலிருந்து ஒரு கூட்டமே மாலையோடு வந்திருந்தது. அவள் கணவர் என்னிடம் வந்து கும்பிட்டார்.

"கூடப்பொறந்தவளாட்டப் பாத்துக்கிட்டீங்களாமா. நெம்ப சந்தோசமுங்க அம்மணி."

அவரிடம் அப்படிச் சொன்னாளா, அவராகவே நினைத்துக்கொண்டாரா, தெரியாது. "எங்களுக்குள்ள ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். என்னைக் கூட்டிப்போக என் மகள் வந்திருந்தாள்.

பல்லடத்துக்கு நான் போகவில்லை. சிங்காநல்லூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு வீடு பார்த்துக்கொண்டேன். கணவர் இரண்டு தடவை வந்து ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார், எப்போது என்று நான் கேட்பதில்லை.

சில மாதம் கழித்து ஒரு சேவைச் சங்கம் எங்கள் இரண்டு பேருக்கும் பாராட்டுக் கூட்டம் வைத்தது. ஹோட்டல் ஹால், பூச்செண்டு, பொன்னாடை. அவள் முதலில் பேசினாள். முகாமில் பொங்கல் வைத்தது, வடநாட்டுச் சிப்பாய்கள் கரும்பு கேட்டது. கைதட்டினார்கள். என் முறை வந்தபோது எரிந்த கிராமத்தைச் சொன்னேன். வரிசையாக நின்ற வண்டிகளைச் சொன்னேன். கல்லெறிந்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் எறிந்திருப்பேன் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போனார். தலைவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"நல்ல விசயமா ரெண்டு சொல்லி முடிச்சிருங்க அம்மணி. குழந்தைகளெல்லாம் வந்திருக்காங்க."

"நல்ல விசயம் எதுவும் எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

 அப்போது அவள் எழுந்து மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

"அவங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க" என்றாள். "நானும் அங்கதான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பார்க்காமலே போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள், நான் இருக்கவில்லை. பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்து, அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அவளுடைய கார் என்னைக் கடந்து போனது. நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.