எதிர்வீட்டு ஃபிரிட்ஜ்

மலைமேல் கட்டபெட்டில் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் ஃபிரிட்ஜ் வாங்க மாட்டோம். தை மாதம் வாசலில் வைத்த தண்ணீரே கட்டியாகிவிடும், அது எதற்கு என்று சிரிப்போம். எதிர்வீட்டு அம்மாளிடம் மட்டும் ஒன்று இருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்தது.

என் மகன் தேயிலை மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். மருமகளுக்குக் கோத்தகிரியில் ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை தங்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். முதல் தடவை கைகூடவில்லை. அடுத்த தடவை ஊசி மருந்தைப் பெட்டியோடு கொடுத்து, தினமும் சாயந்திரம் வயிற்றில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். குளிரில் வைக்க வேண்டுமாம். குளிருக்கா எங்களுக்குப் பஞ்சம்? மூன்று பேரும் யோசித்து ஜன்னல் ஓரம் வைத்தோம்.

அந்த வாரம் உறைபனி விழுந்தது. தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிப்போனது. காலையில் பார்த்தால் குப்பிக்குள் மருந்து கல்லாக நிற்கிறது. போன் போட்டுக் கேட்டோம். குளிர்ச்சியில் இருக்கலாம், உறைந்துவிட்டால் மருந்துக்கு வேகம் போய்விடும், கொட்டிவிடுங்கள் என்றார்கள். அந்தத் தடவை அதோடு நின்றுபோனது.

மருமகள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே, "போதுங்கத்தை. இனி வேண்டாங்க," என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை போய் வா, மருந்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று சொன்னேன். மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

காப்பாற்ற வேண்டுமென்றால் எதிர்வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டுத் தொட்டில் விசேஷத்தில் குழந்தையை வாங்க என் மருமகள் ஆசையாகக் கையை நீட்டியபோது, அந்த அம்மாள், "நீ அப்பறமா வா கண்ணு," என்று நகர்த்திவிட்டவள். அன்றிலிருந்து நான் அவள் வாசல் மிதித்ததில்லை. யாரிடமும் உறைமோர்கூடக் கேட்டறியாதவள் நான்.

சர்க்கரை ஊசி என்று சொல்லிவிடம்மா என்றான் மகன். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மருந்துப் பெட்டியோடு போனேன்.

"ஏனுங்க, இது உங்க ஃபிரிட்ஜுல கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்க."

"என்னங்கம்மா, சக்கரை ஊசிங்களா?"

நான் சொல்ல வேண்டிய பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"இல்லீங்க. இது எம்பட பேரப்புள்ள. பத்திரமா வெச்சிருங்க."

அவள் பெட்டியையே பார்த்தாள். பிறகு கறிக்குழம்புச் சட்டியை வெளியே எடுத்து, தட்டைத் துடைத்து, பெட்டியை முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தினமும் சாயந்திரம் போய் அன்றைய ஊசியை வாங்கி வருவேன். மகன் போட்டுவிடுவான். ஒருநாள் கரண்ட் போனது. பதறிக்கொண்டு ஓடினால், அந்த அம்மாள் ஃபிரிட்ஜுக்குக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்க வந்த அவள் புருஷனுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது. கரண்ட் வந்தபிறகுதான் எழுந்தாளாம்.

அந்தத் தடவை கரு தங்கியது. பேத்தி பிறந்தாள். ஊரைக் கூட்டித் தொட்டில் போட்டோம். மருமகளே குழந்தையைக் கிடத்தினாள். கூட்டத்தில் பின்னால் ஒதுங்கி நின்ற எதிர்வீட்டு அம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்து, தொட்டில் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்த நடையைச் சொல்லி மகன் இன்றும் கேலி செய்கிறான். செய்யட்டும்.

இப்போது பேத்தி ஓடித் திரிகிறாள். எதிர்வீட்டுக்குப் போனால் நேராக அந்த ஃபிரிட்ஜைத்தான் திறப்பாள். நான் அதட்டினால் அந்த அம்மாள் விடுவதில்லை.

"அது உன்ற பழைய ஊடுதான சாமி, நல்லாத் தொற."