பத்தாவது கிடாவுக்குச் சுற்றிய காகிதம்

வெர்லா முப்பத்தொரு வருடம் மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்தப் பனியிலும் வண்டி சறுக்கியதில்லை, ஒரு பிள்ளையையும் மறந்து விட்டுவிட்டு வந்ததில்லை. ஆனால் ஐந்நூறு மீட்டர் தள்ளி இலக்காக நிற்கும் பத்து இரும்புக் கிடாக்களை வரிசையாகச் சுட்டுச் சாய்க்க மட்டும் அவளால் முடியவில்லை. மூன்று தடவை ஒன்பதில் நின்றுபோனது. துப்பாக்கி கிளப்பில் யாருமே பத்து சாய்த்ததில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

கருமருந்துத் துப்பாக்கியில் ஈயக் குண்டை வெறுமனே வைத்தால் குழலெல்லாம் ஈயம் அப்பிக்கொள்ளும். அதனால் குண்டுக்கு ஈரக் காகிதத்தில் ஒரு சட்டை. இரண்டே சுற்று. ஓரங்கள் தொட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அடியில் முறுக்கி மடக்கிக் காயவிட வேண்டும். வெர்லாவின் விரல்கள் தூக்கத்தில்கூட அதைச் செய்யும். சிக்கல் காகிதத்தில்தான். நீதிமன்றத்தில் கழித்துக் கட்டிய பழைய மெல்லிய டைப் காகிதக் கட்டு இந்த வசந்தத்தோடு தீர்ந்தது. புதிதாக வாங்கியது மயிரிழை அளவு தடிமன் அதிகம். குண்டு குழலுக்குள் போகவே மாட்டேன் என்றது. மைக்ரோமீட்டரும் கையுமாக வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றினாள். பைபிளைக்கூட அளந்து பார்த்தாள். நல்லவேளை, அதுவும் சரிப்படவில்லை.

சரிப்பட்டது ஒன்றுதான். கணவன் ஹார்லன் கல்யாணத்துக்கு முன் ராணுவ எழுத்தராக ஜெர்மனியில் இருந்தபோது, டைப் அடித்து அவளுக்கு அனுப்பிய விமானத் தபால் கடிதங்கள்.

எல்லாம் அங்கே அவரை வேலை வாங்கிய சார்ஜென்ட்டைத் திட்டியதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கத்திரியை எடுத்தாள். ஹார்லனிடம் மூச்சு விடவில்லை. சுட்டுப் பழகியதிலேயே பாதி சார்ஜென்ட் காலி. போட்டிக்கு ஒன்பது குண்டு சுற்றியதும் மீதியும் தீர்ந்துபோனார். பத்தாவதுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தாள்.

போட்டியன்று புல்லில் குப்புறப் படுத்துச் சுட்டாள். முதல் ஐந்து கிடாவும் சாய்ந்தன. இடைவேளைக்குச் சுடுவதை நிறுத்தும் சிவப்புக் கொடி ஏறியதும், பக்கத்தில் இருந்து அவளுக்குக் குறி பார்த்துச் சொல்லும் தொலைநோக்கியை வைத்துவிட்டு ஹார்லன் வழக்கம்போல முன்னே போய், குழலிலிருந்து சிதறிய காகிதத் துணுக்குகளைப் பொறுக்கினார். நன்றாகப் பிய்ந்திருந்தால் குண்டு நேராகப் போகிறது என்று பொருள்.

"பேப்பர் நல்லாத்தான் பிஞ்சிருக்கு. ஆனா இதுல 'உருளைக்கிழங்கு'ன்னு அடிச்சிருக்கே வெர்லா?"

அவள் முகம் சிவந்தது. "உன் சார்ஜென்ட் உரிக்க வெச்சது."

"என் லெட்டரா?"

"வேற எந்தப் பேப்பரும் உள்ள போகல ஹார்லன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த ஆளைச் சுடணும்னு அப்பவே எனக்கு ஆசை."

"இன்னும் நாலு குண்டு அவன்தான்." வெர்லாவின் குரல் இறங்கியது. "கடைசிது... கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டியே, அது. வேணாம்னா சொல்லு. ஒன்பதோட எழுந்துடறேன்."

சிரிப்பு நின்றது. அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். கொடி இறங்கியது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே கிடந்தாள்.

"அதுல என்ன எழுதியிருந்தேன், சொல்லு பாப்போம்."

"'இங்க ஒரே குளிர். சாப்பாடு மோசம். எனக்கு மூக்கு பெருசுன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் சரின்னு சொல்லு.'"

"இவ்வளவும் தெரியுதுல்ல? அப்புறம் பேப்பர் எதுக்கு? காத்து வலப்பக்கத்துலேருந்து வருது. குறியை ரெண்டு கோடு தள்ளி வை. போடு."

சுட்டாள். வெள்ளைப் புகை கிடாவையே மறைத்துவிட்டது. மூன்று நொடி கழித்து 'டங்' என்று கேட்டது.

"விழுந்துச்சா?"

"தெரியல. நான் பேப்பரைப் பாத்துட்டு இருந்தேன்."

கிளப்பே எழுந்து கத்தியதில்தான் விழுந்தது தெரிந்தது.

கொடி ஏறியதும் ஆளாளுக்கு அவள் முதுகில் தட்டினார்கள். ஹார்லன் மட்டும் புல்லில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துணுக்கை உள்ளங்கையில் ஏந்தி வந்தார். 'சரின்னு' என்ற சொல் மட்டும் அதில் தப்பியிருந்தது.

"இதுக்கு நீ பதிலே எழுதல, தெரியுமா? நான் ஊருக்கு வந்ததும் நேரா சர்ச்சுல வந்து நின்ன."

வெர்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எழுதறேன் கிழவா. முதல்ல இந்த மாதிரி பேப்பர் ஒரு கட்டு வாங்கிட்டு வா."