ஒரு பிள்ளை வகுப்பு

மதுக்கரைப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பெண்பிள்ளைதான் சேர்ந்தாள். ஊரின் மற்ற பிள்ளைகளையெல்லாம் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எழுத்தின் ஒலியை நான் சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்ல வேண்டும். வாசிப்புப் பாடம் அப்படித்தான். நான் "ம்ம்ம்... மா" என்றால் முன்பெல்லாம் கூரை ஓடு அதிரும். இவளோ தன் குரல் மட்டும் தனியாகக் கேட்டதும் பாதியில் நிறுத்திவிடுவாள். அதனால் டீச்சராக ஒரு தடவை சொல்லிவிட்டு, பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து இன்னொரு தடவை சொன்னேன். பொங்கலுக்குள் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்வரை வாசித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அவள் அம்மா டிசி வாங்க வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். வேன் வர்ற ஸ்கூல்ல படிச்சுக் காட்டச் சொன்னாங்க. புள்ள கடகடன்னு படிச்சுப்போட்டா, உடனே சேத்துக்கிட்டாங்க. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

நன்றி சொல்கிறாராம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும், "நல்லாப் படிக்கட்டுமுங்க" என்றுதான் சொன்னேன்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் யாருமே சேரவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பலகையில் 'மா' என்று எழுதி, சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு பாயில் உட்கார்ந்து, அவள் சொல்ல வேண்டியதையும் நானே சொன்னேன்.